சிற்றாலய வளைவில் நின்றவர்

“பிரான்ஸ் மலையிலை பனிச்சறுக்க வந்த சனமெல்லாம் நான் விரிச்ச கட்டிலிலைதான் படுத்தது” என்பாள், இப்போது லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற பகுதியில் வாழும் கிளறிற்றா. பிறகு, “சரி, பாதிச் சனம்” என்று தானே குறைத்துக்கொள்வாள்.

அங்கே ஒரு ஹோட்டலில் அவள் வேலை செய்த நாட்களில்தான் கணவன் றெஜினோல்ட் பனிச்சரிவில் இறந்தான். வருடாவருடம் நடக்கும் சைக்கிள் பந்தயம் அந்த மலையில் ஏறும்போது, ஊரார் பழைய சிற்றாலய வளைவில் நின்று மாட்டுமணி அடிப்பார்கள். தொலைக்காட்சியில் அந்தக் கூட்டத்துக்குள் அவனும் வெறுந்தலையோடு நிற்பதை மூன்று வருடமாகக் காண்கிறாள். தனக்கு விசர் பிடித்துவிட்டதாக்கும் என்ற பயத்தில் யாருக்கும் சொல்லவில்லை.

இந்த வருடம் பந்தயம் பார்க்க றெஜினோல்டின் தம்பி கொட்வினையும் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். வளைவு வந்ததும் திரையைத் தொட்டாள்.

“தொப்பி போட்ட அந்த ஆளை உமக்குத் தெரியுதோ?”

கொட்வின் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

“தொப்பி போடேல்லை, மச்சாள். அண்ணை வெறுந்தலையோடைதான் நிக்கிறார்.”