கொழும்பு என்று போட்டிருந்தேன்

வீட்டு வரைபடம் கீறுவது என் தொழில். வடக்கே விசுவமடுவில் இருந்துகொண்டே, தொழில் தொடர்புகளுக்கான இணையப் பக்கத்தில் என் ஊரைக் கொழும்பு என்று போட்டிருந்தேன். அதை நம்பி ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள்.

ஒருநாள் எங்கள் பகுதியிலேயே உள்ள ஜெயபுரத்திலிருந்து ஓர் ஆசிரியை அழைத்தார். "தங்கச்சி, வீட்டுப் பிளான் கீற வேணும். கொழும்பிலயிருந்து இவ்வளவு தூரம் வருவீங்களோ?"

அன்றே மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினேன்.

"நான் விசுவமடு, அக்கா."

"பிறகேன் கொழும்பெண்டு போட்டனீங்கள்? எங்கட ஆக்களுக்குப் பிளான் கீறத் தெரியாதெண்டு நீங்களே சொல்லுற மாதிரியெல்லோ கிடக்கு!"

எனக்கு முகம் சுட்டது. அவருடைய வெறுங்காணியில் நின்றபடியே கைபேசியில் என் பக்கத்தைத் திறந்து, ஊரை விசுவமடு என்று மாற்றினேன்.

"இனிப் பெரிய ஆக்கள் வரமாட்டினம்" என்று கூடப் படித்தவள் எச்சரித்தாள். சிலர் விலகியும் போனார்கள்.

போகட்டும். நான் கீறிய கோட்டில் பிழை இருந்தால் சொல்லட்டும், திருத்துகிறேன். ஊரை இனித் திருத்த மாட்டேன்.