மெனுவில் இல்லாத நாலு நிமிஷம்

கடைக்கு யார் எந்தப் படத்தைக் கொண்டுவந்தாலும் அவன் வாயில் முதலில் வருவது "மங்கிடும்" என்ற ஒரே சொல்தான். கல்யாண வீடியோ எடுத்து டிவிடியாக்கித் தருகிற அவனுக்கு அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. வேறு வடிவத்துக்கு மாற்றிப் பதிகிற ஒவ்வொரு 'கன்வெர்ட்'டுக்கும் படம் கொஞ்சம் தெளிவு இழக்கும். ஒரு தடவை கன்வெர்ட் செய்த படத்தையும் இரண்டு தடவை செய்ததையும் டிஸ்க்கை மோந்து பார்த்தே பிரித்துச் சொல்லிவிடுவான் என்பார்கள். நம்பாதவர்கள் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள். அதில் ஒருவர் மூக்கு டாக்டர்.

ஒரு மத்தியானம் அவன் அக்கா வந்தாள். கையில் அவளுடைய கல்யாண டிவிடி. பழைய கேசட்டிலிருந்து அவனே வீட்டுக்காகப் போட்டது. கேசட் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. மிச்சம் இந்த ஒரு டிஸ்க்தான்.

"போட்டா நிறுத்தாம ஓடுதுடா. மெனு வச்சுக் குடு. வரவேற்பு, சாப்பாடுன்னு தனித்தனியா."

"வைக்கலாம்க்கா. படத்தைத் தொடாம மெனுவ மட்டும் செஞ்சு முன்னாடி ஒட்டிடறேன். மறுபடி கன்வெர்ட் பண்ணாதான் மங்கிடும்."

"அப்படியே சின்னவ வர்ற இடத்த வெட்டிடு."

சின்னவள் இவர்கள் தங்கை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பிடித்தவனோடு போனாள். அன்றைக்குச் சாத்திய கதவு சாத்தியபடியே இருக்கிறது. போட்டோக்களையெல்லாம் கிழித்தாயிற்று. இந்த டிஸ்க்கில் மட்டும் நாலு நிமிஷம், சாப்பாடு பரிமாறிக்கொண்டே சிரிக்கிறாள். அந்த வீட்டில் அவளென்று மிஞ்சியது அவ்வளவுதான்.

"வெட்டினா முழுசையும் கன்வெர்ட் பண்ணணும். உன் மூஞ்சியும் மங்கிடும்."

பச்சைப் பொய். அலுங்காமல் வெட்ட அவனுக்குத் தெரியும். அக்காவுக்குத் தன் மூஞ்சிமேல் உள்ள பிரியமும் தெரியும்.

"ஐயையோ! அப்ப யார் கண்ணுலயும் படாம பண்ணிடு, போதும்."

பண்ணினான். படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. மெனுவுக்கு ஒரு படம், நாலு பொத்தான், சின்னவள் வருமிடத்தைத் தாண்டிக் குதிக்க ஒரு கட்டளை. டிஸ்க்கில் இருப்பாள், அவளிடம் போக வழி இருக்காது. வீட்டு நிலவரமும் ஏறக்குறைய அதுதானே. ஆனால் எழுத்தில்லாமல் நிறமில்லாமல் ஐந்தாவதாக ஒரு பொத்தானையும் ஒளித்துவைத்தான், அம்மாவுக்காக. பெற்ற வயிறு ஏங்கும் என்று இவனாகப் போட்ட கணக்கு.

மறுநாள் அக்கா இல்லாத நேரம் பார்த்து அம்மா கையில் ரிமோட்டைக் கொடுத்தான்.

"மேல் அம்புக்குறிய ரெண்டு தடவ அழுத்தி, ஓகே குடும்மா. யார்கிட்டயும் மூச்சு விடாத."

அழுத்தினாள். சின்னவள் கரண்டியும் கையுமாகச் சிரித்தாள். நாலு நிமிஷமும் அம்மா இமைக்கவில்லை.

"வெட்டச் சொல்லி உங்கக்காவ அனுப்பினதே நான்தான்டா."

அவன் ரிமோட்டை வாங்கி டிவியை அணைத்தான்.

"ஊருக்கெல்லாம் மங்கிடும் மங்கிடும்ங்கறியே. எனக்கு இவ மட்டும் மங்க மாட்டேங்கறா. மங்க வச்சுக் குடு."

"ஒரு போன் போட்டா முடிஞ்சிடும்மா."

"அவ போட்டாளா?"

வாழ்நாளில் செய்யாததைச் செய்தான். அந்த நாலு நிமிஷத்தை மட்டும் பிரித்து, கன்வெர்ட் செய்ததையே திரும்பத் திரும்பக் கன்வெர்ட் செய்தான். பதினெட்டாவது தடவையில் முகம் தண்ணீர் பட்ட மையாகிவிட்டது. பழைய டிஸ்க்கையும் மெனு வைத்த டிஸ்க்கையும் அம்மா தன் கையாலேயே ஒடித்தாள். கம்ப்யூட்டரில் இருந்ததை இவன் அழித்தான்.

மங்கிய நாலு நிமிஷத்தைச் சேர்த்து எழுதிய புது டிஸ்க்கைப் போட்டார்கள். முகம் இல்லை. ஆனால் பழக்கதோஷம், ஒலியை அவன் எப்போதும் தொடாமல் அப்படியே ஒட்டுகிறவன்.

"அம்மா, உனக்கு இன்னும் கொஞ்சம் போடவா?" கணீரென்று கேட்டது குரல்.

"போதும்டி" என்றாள் அம்மா.