முதல் சர்வீஸ் வரை அரை லோடு

அண்ணன் காலமாகிப் பதினோரு நாட்கள் ஆகின்றன. இந்த நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்ததும் "அண்ணன் சொல்கிறார்" என்று தொடங்கி, பிறகு அடித்தேன். என் கைக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

தாயில்பட்டியில், தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போன பெற்றோருக்கு மூத்தவராகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், பின்னாளில் முப்பது ஆண்டுகள் பிறருடைய லாரிகளை ஓட்டினார். அந்த உழைப்பில்தான் நான் கல்லூரிக்குப் போய், நிறையப் புத்தகம் படித்து, ஒரு கைவேலையும் தெரியாதவனாகத் தேறினேன். மினி பஸ்காரர்கள் நீங்கலாக யாரையும் அவர் கடிந்து பேசியதில்லை.

இந்த ஆண்டுதான் சொந்தமாகப் புது லாரி எடுத்தார். அதோடு வந்த ஆங்கிலக் கையேட்டை என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். எஞ்சின் பழகும்வரை, அதாவது முதல் சர்வீஸ் வரை, முழுப் பாரம் ஏற்றக் கூடாது, விரட்டக் கூடாது, மேட்டில் திணறவிடக் கூடாது என்றேன். நான் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்த ஒரே மனிதர் அவர்தான்.

காலண்டர் சீசன். சிவகாசியிலிருந்து மதுரைக்கு ஒரே நடையில் போக வேண்டிய கட்டுகளை இரண்டு நடையாகப் பிரித்தார்.

"என்ன அண்ணாச்சி, புதுப்பொண்ணுக்கு இன்னும் மறுவீடு முடியலையோ?" என்று லோடுமேன்கள் கேலி செய்தார்கள்.

இரண்டு தடவை வந்து ஏற்ற அவர்களுக்குக் கூலி கட்டுப்படியாகவில்லை. அதனால் அண்ணனே கட்டுகளைத் தூக்கினார். தார்ப்பாய் விரிக்க இரண்டு தடவை மேலே ஏறினார், கயிறும் இரண்டு தடவை இழுத்துக் கட்டினார்.

ஒருநாள் நெஞ்சை அடைக்கிறது என்றார். டாக்டர் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லி, இதயப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

"வண்டிக்கு மொத சர்வீஸு முடியட்டும்லே. பொறவு பாத்துக்கிடுவோம்" என்றார்.

"அதுவரைக்கும் நீங்களும் அரை லோடுதாண்ணே" என்றேன். இருவரும் சிரித்தோம். சொன்னது சரிதான். ஆனால் சிரிப்பதற்காக மட்டுமே சொன்னேன்.

சர்வீஸ் அன்று விருதுநகரிலிருந்து பத்து மணிக்குப் பேசினார். எஞ்சின் சுத்தமாக இருக்கிறது, மெக்கானிக்கே பாராட்டினார் என்றார். அவ்வளவு சந்தோஷமான குரல். பன்னிரண்டு மணிக்கு லாரியைக் கழுவித் துடைத்து, சாவியைக் கொடுக்க மெக்கானிக் வந்தபோது, அண்ணன் பெஞ்சில் சுவரில் சாய்ந்து கண்மூடி இருந்திருக்கிறார். தூங்குகிறார் என்று நினைத்து, எழுப்ப மனமில்லாமல் சற்று நேரம் காத்திருந்தாராம்.

எஞ்சினுக்குப் பாதிப் பாரம் என்றால் அண்ணனுக்கு இரட்டைப் பாரம். இந்தக் கணக்கு எங்களில் ஒருவருக்கும், மெத்தப் படித்த எனக்கும், எட்டவில்லை.

அவரைத் தாங்கிப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோன மெக்கானிக்குக்கும், அன்றைய லோடை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்த லோடுமேன்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மதினிக்கும் நன்றி சொல்ல வேண்டும். முந்தாநாள் நான் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியதைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீக எப்ப நெஞ்சைக் காட்டப் போறீக?" என்றார். பதினாறு முடியட்டும் மதினி என்றேன்.

"நாளைக்கு" என்றார்.

பதினாறு முடியாமல் அவர் வாசல் தாண்டக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்தார்கள். மறுநாள் காலை மதினி, மருத்துவமனை வரிசையில் என் சீட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.