அக்கா கழுவச் சொன்ன கால்கள்

அக்காவின் ஓராண்டு நினைவில் இம்மலரைப் பெறும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பி நான் எழுதுவது.

அக்கா பிறந்தது ரெட்டியார்சத்திரம் அருகே. தொப்பம்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு, இரண்டே ஆண்டில் மாமாவைப் பறிகொடுத்துத் திரும்பியவர். அப்பா விட்டுப்போன தோட்டத்தில் முட்டைக்கோசு போட்டு என்னைப் படிக்க வைத்தார். அவருக்குப் பயம் என்பதே தெரியாது. அவர் பங்குக்கும் சேர்த்து நானே பயந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தை மாதம், கோசு இலைகள் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகிச் செடிகள் சாய்ந்தன. அக்கா தண்டை அறுத்துப் பார்த்தார். உள்ளே பழுப்பு வளையம்.

பார்க்க வந்த விவசாய அதிகாரி, "வாடல் நோய்ம்மா. மண்ணுக்குள்ள இருக்கு, மருந்து கெடையாது. காலு, மம்பட்டி, தண்ணி, எதுல வேணும்னாலும் அடுத்த காட்டுக்குப் போயிரும்" என்றார். அவர் போனதும் நான் அக்காவிடம் ஓடினேன்.

"வெளிய சொல்லிராதக்கா. ஒரு பய நம்ம காட்டுல கால் வைக்க மாட்டான். நாளைக்கு நல்லது கெட்டதுன்னா யாரு வருவா?"

"நம்ம தண்ணி பக்கத்துக் காட்டுக் கோசுக்குத்தானப்பு போகுது. சொல்லாம எப்படி?"

அன்றே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். வாய்க்காலை அடைத்தார். செடிகளைப் பிடுங்கி எரித்தார். தோட்டத்தின் வாசலில் தண்ணீர்த் தொட்டி வைத்து, காலும் மண்வெட்டியும் கழுவாமல் யாரையும் வெளியே விடவில்லை. கோசை விட்டுச் சோளத்துக்கு மாறினார். பக்கத்துத் தோட்டங்கள் தப்பின.

நான் பயந்ததும் நடந்தது. களையெடுக்க ஆள் வரவில்லை. எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வர வேண்டிய சொந்தங்கள் ரோட்டிலேயே பேசிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு இழவு வீட்டுக்குப் போகும்போதும் எனக்கு ஒரே நினைப்பு: அக்காவைத் தூக்க நாலு பேர் வருவார்களா? பல வருடம் இந்தப் பயம் என்னை விடவில்லை.

நோயில் படுத்திருந்த அக்காவிடமே இதை உளறிவிட்டேன். சிரித்தார்.

"வாரவுகள கால் கழுவிட்டுப் போகச் சொல்லு. அம்புட்டுதான்."

அவர் கண்மூடிய காலையில் தோட்டத்து வாசலில் நின்றேன். வெயில் ஏறியும் ஒருவரும் வரவில்லை. பிறகு பக்கத்துத் தோட்டத்துக்காரர் தம் மகன்களோடு முதலில் வந்தார். அவர் பின்னால் ஊரே வந்தது.

தோட்டத்து வாசலைத் தாண்டும் இடத்தில் நீங்கள் பாடையை இறக்கவில்லை. தோளில் சுமந்தபடியே நின்றீர்கள். பின்னால் வந்தவர்கள் இன்னும் அங்கேயே இருந்த அக்காவின் தொட்டியில் தண்ணீர் மொண்டு, சுமந்தவர்களின் கால்களில் ஊற்றினார்கள். கால் கழுவச் சொல்லி நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

அத்தனை பேருக்கும் எங்கள் நன்றி. நாலு பேர் வருவார்களா என்று பயந்த எனக்கு, அன்று தோள் கொடுக்க முறை வரவே வெகுநேரம் ஆயிற்று.