நெடி வராத நாற்பத்திரண்டு மிளகாய்

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேல்கணக்கு என்று சொல்கிற மேட்டுப் பிரிவில், காம்பரா என்கிற ஒற்றை அறை வீடுகள் பத்து வரிசையாக ஒட்டி நிற்கிற ஒரு லயம் இருக்கிறது. அதில் ஐந்தாவது காம்பரா சண்முகவடிவினுடையது. எட்டாம் ஆண்டு வரை படித்தவள். அதற்குப் பிறகு கொழுந்து பறிக்கப் போய்விட்டாலும், கணக்குப் பாடம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயா தராசில் சாக்கை மாட்டுவதற்கு முன்னால், "வடிவு, எவ்வளவு வரும்?" என்று கேட்பார். "பதினெட்டு கிலோ நானூறுங்க ஐயா" என்பாள். தராசும் அதையே சொல்லும். ஒரு தடவை இருநூறு கிராம் வித்தியாசம் வந்தபோது, வடிவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தராசைத்தான் பழுதுபார்க்க அனுப்பினார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு அளவே தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அது தங்கச்சி நிலக்ஷியைப் பற்றிப் பேசுவது.

நிலக்ஷி வடிவைவிடப் பதினொரு வயது இளையவள். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சமையலறை உதவியாள். நான்கு வருடமாக மண்ணிற ஏப்ரன் கட்டிக்கொண்டு கரட்டும் லீக்ஸும் வெட்டுகிறாள். அதற்கு அடுத்த படி வெள்ளைக் கோட்டு. நெஞ்சில் சிவப்பு நூலால் பெயர் தைத்திருக்கும். அதைப் போட்டவர்கள்தான் அங்கே சமையல்காரர்கள்.

ஏப்ரல் சீசனுக்கு நாளுக்கொரு நாட்டுச் சாப்பாடு போடுவது என்று ஹோட்டலில் முடிவானது. பெரிய சமையல்காரர் பாவா நானா நாடுகளின் பெயரைத் துண்டுகளில் எழுதி, சூப் கோப்பையில் போட்டுக் குலுக்கினார். பிரதாப் என்ற பையனுக்கு இத்தாலி வந்தது. அவன் நூடில்ஸை வைத்துச் சமாளித்துவிட்டான். நிலக்ஷிக்கு மெக்சிகோ வந்தது.

"மெக்சிகோ எங்க இருக்கு?" என்று கேட்டாள் வடிவு.

"அமெரிக்காவுக்குக் கீழக்கா."

"அவங்களுக்குக் கீழ்கணக்கு மாதிரியா?"

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

நிலக்ஷி போனில் பார்த்துப் பார்த்து ஒரு பலகாரத்தைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டிலேயே பால் திரித்துச் சீஸ் செய்து, கறிமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, இரண்டையும் கலந்து மாவுக்குள் வைத்து, அரைவட்டமாக மடித்துப் பொரிப்பது. பெயர் எம்பனாடா.

"இது பெட்டிஸ்தானேடி" என்றாள் வடிவு.

"பெட்டிஸ் மாதிரி. ஆனா பெட்டிஸ் இல்ல."

ஹோட்டல் சமையலறைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் வீட்டிலேயே செய்யச் சொல்லிவிட்டார் பாவா நானா. ஞாயிற்றுக்கிழமை அட்டனில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்புகிற வழியில், நாலரை மணிக்கு லயத்துக்கே வந்து தின்று பார்ப்பார். நன்றாக இருந்தால் வெள்ளைக் கோட்டு. இல்லாவிட்டால் மெக்சிகோ வேறு ஆளுக்குப் போகும், நிலக்ஷிக்கு இன்னொரு வருடம் மண்ணிற ஏப்ரன்.

இதை நிலக்ஷி அக்காவிடம் மட்டும்தான் சொன்னாள். அக்கா மேல்கணக்கு முழுக்கச் சொன்னாள். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டில் சொன்னாள், கொழுந்து நிறுக்கும்போது சொன்னாள், மருந்து எடுக்கப் போன இடத்தில் சொன்னாள். "என் தங்கச்சி மெக்சிகோவ எடுத்திருக்கா" என்று சொன்ன விதத்தில், எட்டாவது காம்பராக்காரர் அங்கேயிருந்து வரும்போது ஒரு போன் வாங்கிவரச் சொல்லிக் கலரும் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் இப்படியே போனது. மூன்றாவது வார முடிவில் வடிவுக்கே மனதுக்குள் லேசாகப் பயம் வந்தது. இவ்வளவு சொல்லியிருக்கக் கூடாதோ?

ஞாயிறு காலை பக்கத்துக் காம்பரா மீனம்மாவிடம் ஆறு லீட்டர் பால் வாங்கினார்கள். மீனம்மாவின் பசுவின் பெயர் லெட்சுமி. அந்தப் பாலைப் பற்றி யாரும் இதுவரை ஒரு குறை சொன்னதில்லை. பால் சூடேறியதும் நிலக்ஷி வினாகிரியை ஊற்றினாள். பால் திரிந்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மீனம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"அடிப் பாவி! நல்ல பால வேணும்னே கெடுக்கிறியேடி!"

"சீஸ் இப்படித்தான் அத்த செய்யணும்."

"எதையோ செய். ஆனா என் லெட்சுமி பாலு கெட்டுப்போச்சுன்னு ஒரு பய சொல்லக் கூடாது, ஆமா!"

திரிந்ததைத் துணியில் வடிகட்டி, உப்பு போட்டுப் பிசைந்து, மூட்டையாகக் கட்டி, அதன் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார்கள். வடிவு துணியின் நான்கு மூலைகளும் ஒரே நீளத்தில் இருக்கும்படி இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினாள். பன்னிரண்டு மணிக்கு மாவு பிசையப் பார்த்தால் மாஜரின் போதவில்லை. நிலக்ஷி டவுனுக்குப் புறப்பட்டாள்.

"அக்கா, இந்தக் கறிமொளகா நாப்பத்திரெண்டையும் தணல்ல சுடு. தோலு கறுத்துக் கொப்புளம் வரணும். சட்டியில போட்டு மூடி வை. வேற ஒண்ணும் செஞ்சிடாத."

"எத்தன நிமிசம் சுடணும்?"

"கறுக்குற வரைக்கும்."

"நிமிசத்தச் சொல்லு."

"ஏழு!" என்று கத்திவிட்டு நிலக்ஷி பஸ்ஸுக்கு ஓடினாள்.

வடிவு அடுப்புத் தணலை முன்வாசலுக்குக் கொண்டுவந்து பரப்பி, முதல் ஐந்து மிளகாயை வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு நிமிடம். தோல் கறுத்தது, கொப்புளம் வந்தது. ஆனால் நெடி வரவில்லை.

அந்த லயத்தில் கறிமிளகாயைக் குழம்பில் போடுவார்களே தவிர, யாரும் நெருப்பில் போட்டதில்லை. அங்கே நெருப்பில் மிளகாய் விழுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். கண்ணூறு கழிக்க, காய்ந்த செத்தல் மிளகாயைத் தலையைச் சுற்றித் தணலில் போடுவார்கள். நெடி மூக்கில் ஏறி இருமல் வந்தால் பயமில்லை, கண் படவில்லை. நெடி வராவிட்டால் பட்டிருக்கிறது. நெடி எவ்வளவு குறைவோ, கண் அவ்வளவு பெரிது.

ஐந்து மிளகாய். ஒரு தும்மல்கூட இல்லை. வடிவு குனிந்து மூக்கைத் தணலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இழுத்துப் பார்த்தாள். நல்ல வாசனைதான் வந்தது. அப்படியென்றால் தங்கச்சி மேல் கண். மூன்று வாரமாக ஊரெல்லாம் சொன்ன வாய் அவளுடையதுதானே?

அந்த நேரம் பார்த்துக் கோயில் தலைவர் அழகன் அந்தப் பக்கம் வந்தார்.

"யாருக்கு வடிவு சுத்துற?"

"யாருக்கும் சுத்தல மாமா. சும்மா சுடுறேன்."

"சும்மா சுட்டே நெடி வரலயா?" அழகன் ஓரடி பின்னால் நகர்ந்தார். "அப்படின்னா லயத்து மேலயே கண்ணு."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் மீனம்மா பசுவை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "நான் காலையிலயே நெனச்சேன். லெட்சுமி பாலு திரிஞ்சிச்சு பாரு, அப்பவே! வடிவு, இவளுக்கு நாலு மொளகா சுத்திப் போடு."

வடிவு யோசித்தாள். வேறு ஒன்றும் செய்யாதே என்று தங்கச்சி சொல்லியிருந்தாள். ஆனால் எப்படியும் நெருப்பில் விழப்போகிற மிளகாய். விழுகிற வழியில் ஒரு பசுவைச் சுற்றிக்கொண்டு விழுந்தால் என்ன கெட்டுவிடும்? நான்கை எடுத்து லெட்சுமியின் தலையை மூன்று தரம் சுற்றித் தணலில் போட்டாள். ஏழு நிமிடம். நெடி வரவில்லை. லெட்சுமி அசைபோட்டது.

அரைமணி நேரத்தில் வாசலில் கூட்டம். தள்ளுமுள்ளு வடிவுக்குப் பிடிக்காது. கொழுந்து நிறுக்கிற மாதிரி வரிசையில் நிற்க வைத்தாள். ஆளுக்கு இரண்டு மிளகாய், அதற்கு மேல் கேட்கக் கூடாது. ஒருவர் வழக்கப்படி மிளகாயில் துப்பப் போனார்.

"துப்பாதீங்க! ஹோட்டல் சாமான்!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதினான்கு பேருக்குச் சுற்றினாள். ஒருவருக்கும் நெடி வரவில்லை. ஒவ்வொருவரும் வெளிறிப்போய் எழுந்து போனார்கள். ஸ்டார்ட் ஆகாமல் ஒரு மாதமாக நின்ற திரீவீலருக்கு இரண்டு சுற்றினாள். வரவில்லை. அப்போது யாரோ கெட்டிக்காரத்தனமாக, "சரி, லயத்துத் தூணுக்குச் சுத்திப் பாப்போம்" என்றார்கள். இரண்டு மிளகாயைத் தூணைச் சுற்றிப் போட்டாள். தூணுக்கும் நெடி வரவில்லை. கூட்டத்தில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள்.

கடைசியில் ஒரே ஒரு மிளகாய் மிஞ்சியது. ஊருக்கெல்லாம் இரண்டிரண்டு கொடுத்துவிட்டுச் சொந்தத் தங்கச்சிக்கு ஒன்று வைத்திருக்கிறோமே என்று வடிவுக்கு மனசு கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய நிலக்ஷியின் மண்ணிற ஏப்ரனைச் சுற்றி அதையும் போட்டாள்.

மூன்றேகாலுக்கு நிலக்ஷி மாஜரினோடு வந்து சட்டியைத் திறந்தாள். நாற்பத்திரண்டு மிளகாயும் ஒன்றுபோலக் கறுத்து, ஒன்றுபோலக் கொப்புளித்திருந்தன.

"அக்கா! ஹோட்டல்லகூட இப்படி யாரும் சுட்டதில்லக்கா!"

"தொடாதடி!" என்றார்கள் இருபது பேர் ஒரே குரலில்.

விஷயத்தைக் கேட்டு நிலக்ஷி அடுப்பு மேடையில் சாய்ந்துவிட்டாள். "இது காரமில்லாத மொளகா மாமா. எவ்வளவு சுட்டாலும் நெடி வராது."

"தூணுக்குமா வராது?" என்றார் அழகன்.

"தூணுக்கு யாரு மாமா கண்ணு வைக்கப் போறாங்க?"

"போன வருசம் சுண்ணாம்பு அடிச்சோம்ல!"

நிலக்ஷி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்றரை. வேறு மிளகாய்க்கு டவுனுக்குப் போய்வர நேரம் இல்லை. அவள் அக்காவைப் பார்த்தாள். "இதுதான் இருக்குக்கா. இதப் போடலன்னா உள்ள வைக்க ஒண்ணுமில்ல. கோட்டு இல்ல."

வடிவு கூட்டத்தைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள். பதினான்கு பேர், ஒரு பசு, ஒரு திரீவீலர், ஒரு தூண். இத்தனை பேருடைய கண்ணூறையும் ஒரு மனுஷனுக்குத் தின்னக் கொடுப்பதா? அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதலில் சுட்ட ஐந்தும் யாரையும் சுற்றவில்லை. சட்டியின் அடியில் கிடப்பவை அவைதான்.

"நீ மாவத் தேய்" என்றாள்.

அந்த ஐந்தையும் தனியாக எடுத்து, தனிக் கத்தியால் வெட்டி, சீஸ் கலந்து, மூன்று எம்பனாடா செய்தாள். பால்மா டின் மூடியால் வெட்டிய மாவு, ஓரம் மடித்து ஒரே அளவில் பதினாறு மடிப்பு. அந்த மூன்றின் முதுகிலும் நகத்தால் ஒரு பிறை கீறினாள். மற்ற இருபத்தொன்றையும் நிலக்ஷி செய்தாள். பொரித்தெடுத்துத் தட்டில் அடுக்கியபோது, பிறை போட்ட மூன்றையும் வடிவு முன்வரிசையில் வைத்தாள்.

நாலரைக்குப் பாவா நானா வந்தார். வாசலில் முப்பது பேரும் ஒரு பசுவும் நிற்பதைப் பார்த்து, "இங்க ஏதும் மய்யத்தா?" என்று, சாவு வீட்டுக்குத் தவறி வந்துவிட்டவர் போல மெதுவாகக் கேட்டார்.

"இல்லைங்க நானா, உள்ள வந்து ஒக்காருங்க. முன்னால இருக்கிறத எடுங்க" என்றாள் வடிவு.

பாவா நானா தட்டைத் தன் பக்கம் திருப்பினார். "தங்கச்சி, நாப்பது வருசமா சமைக்கிறன். முன்னுக்கு வைக்கிறத நான் தின்றதில்ல. பின்னுக்கு ஒளிச்சு வைக்கிறதத்தான் தின்டு பாப்பன்." பின்வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தார்.

மீனம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அது லெட்சுமியுடையதாகக்கூட இருக்கலாம். முப்பது பேரும் மூச்சு விடாமல் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் மென்றார், விழுங்கினார். இரண்டாவதை எடுத்தார். விழுங்குகிற ஒவ்வொரு தடவையும் கூட்டம் முன்னால் சாய்ந்தது. மூன்றாவதைப் பாதியில் நிறுத்தினார்.

"என்ன புள்ள இது? இப்பிடி எல்லாரும் பாத்தா எனக்குத்தான் கண்ணு படும்."

யாரும் சிரிக்கவில்லை. அழகன் மட்டும் ஆமாம் என்று தலையாட்டினார்.

"சீஸு நல்லம். மா நல்லம். மொளகா சுட்ட கை யாருட கை?" என்று கேட்டார் பாவா நானா.

"அக்காவோடது" என்றாள் நிலக்ஷி.

"அப்பிடித்தான் சுடோணும். ஆனா காரம் காணாது. செத்தல் மொளகா ரெண்டு சுட்டு நுணுக்கிச் சேருங்க, பாப்பம்."

வடிவு செத்தல் மிளகாய் டின்னைத் திறந்தாள். மத்தியானத்திலிருந்து நாற்பத்திரண்டு மிளகாய் சுட்டு ஒரு தும்மல்கூட வரவில்லை. இதில் இரண்டு என்ன செய்துவிடும்? வாழ்நாளில் முதல் தடவையாக எண்ணாமல் ஒரு கைப்பிடி அள்ளி அடுப்புத் தணலில் போட்டாள்.

முதலில் லெட்சுமி தும்மியது. அப்புறம் அழகன். அப்புறம் ஐந்தாவது காம்பராவிலிருந்து பத்தாவது காம்பரா வரைக்கும் வரிசையாக இருமல் கிளம்பியது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய ஆட்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"போயிருச்சு!" என்று அழகன் இருமலுக்கு நடுவே கத்தினார். "எல்லாருக்கும் போயிருச்சு!"

"லெட்சுமிக்கும் போயிருச்சு!" என்று மீனம்மா பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பாவா நானா வெளியே ஓடிவந்து தூணைப் பிடித்துக்கொண்டு இருமினார். நிலக்ஷி தண்ணீர்ச் செம்போடு பின்னால் ஓடினாள். இவ்வளவுக்கும் பிறகு என்ன சொல்லப்போகிறாரோ என்று அவள் முகம் கறுத்துக் கிடந்தது. அவர் ஏதோ சொல்லவந்தார், இருமல் விடவில்லை. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். தோளைத் தொட்டுக் காட்டினார். கையை மேலும் கீழுமாக இழுத்துக் காட்டினார்.

"நெஞ்சு வலிக்குதா நானா?" என்று அலறினாள் நிலக்ஷி.

அவர் தலையாட்டி மறுத்தார். செம்பை வாங்கிக் குடித்து, ஒரு வழியாக இரண்டு வார்த்தை வெளியே வந்தது. "கோட்டு... அளவு."

நிலக்ஷி அக்காவைத் தேடித் திரும்பினாள். புகைக்குள்ளிருந்து இருமிக்கொண்டே வடிவு வெளியே வந்தாள். மூன்று வாரத்துக்கு முன்பே நூல் பிடித்து அளந்து வைத்திருந்தாள்.

"தோளு பதினாலரைங்க நானா. கை இருபத்திரெண்டு. பேரு தைக்கிறப்போ க்ஷி எழுத்து சரியா இருக்கணும், நானே எழுதித் தாறேன்."