வேகத்தடைக்கு ஸ்கேல் வைத்தவன்

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டேன். வாயால் சொன்ன பொய் அல்ல. ஸ்கேலால் சொன்னது.

என் நோட்டுகளைப் பற்றி இங்கே அடிக்கடி பீற்றிக்கொள்வேன், ஞாபகம் இருக்கும். மொத்தம் பதினொரு நோட்டு. எல்லாம் பேனாக் கோடுகள். ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பக்கத்தை நிரப்புவது. லாரியில் கிளீனராக இருந்த நாளில் ஆரம்பித்த பழக்கம். லோடு இறங்கும் வரை காத்திருக்க வேண்டும், சாப்பாடு எப்போது வரும் என்று தெரியாது. சிகரெட் அட்டையின் பின்னால் வளையம் வளையமாகப் போட்டுக்கொண்டிருந்தால் பசி கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்கும். அவ்வளவுதான் விஷயம். இப்போது இதற்கு தியானம் என்று பேர் வைத்திருக்கிறார்கள்... வைக்கட்டும்.

கண்ணில் பட்டதையெல்லாம் வடிவமாக்கிச் சேர்ப்பேன். விக்கிரவாண்டி சாலையோர ஓட்டலின் ஒயர் நாற்காலிப் பின்னல். கண்டமங்கலத்தில் ஒரு வீட்டு கிரில் கேட். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அதன் ஓட்டின் மேல் இருக்கும் வலை... அதை மட்டும் நாற்பது விதமாக வரைந்திருக்கிறேன்.

என்னைப் போல ஐந்து பேர் திண்டிவனத்தில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம். இடம், மூர்த்தியின் ஜெராக்ஸ் கடை. யாராவது புது வடிவம் கொண்டுவந்தால் அதற்கு அவரே பேர் வைக்கலாம். பொது நோட்டு ஒன்று இருக்கிறது. அந்த வடிவத்தை வரையும் விதம் அதில் நான்கு கட்டமாக, படிப்படியாக ஏறும். அடுத்த கூட்டத்தில் மூர்த்தி அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் போடுவார், எல்லோரும் பேசாமல் அதை வரைவோம். ரப்பர் கூடாது, ஸ்கேல் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. நோட்டில் ஏற்றும் பொறுப்பு என்னுடையது. கை சுத்தம் என்று கொடுத்தார்கள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு வேறு யார் நோட்டைக் கொடுப்பார்கள்?

போன மாதம் ஸ்டெல்லா வந்தாள். புது ஆள். கிளியனூர் பக்கம். தினமும் கம்பெனி வேனில் ஷூ தைக்கும் வேலைக்குப் போகிறவள். பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள்.

பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்துவிட்டது.

படுக்கை வாட்டில் ஓடும் கோடுகள். நடுவில் ஒரு கோடு திடீரென்று துள்ளி இறங்குகிறது. அடுத்த கோடு அந்தத் துள்ளலை ஒட்டியே போகிறது. அதற்கடுத்ததும். உழும்போது கல்லைச் சுற்றிப் போன சால் மாதிரி! பக்கம் முழுக்க அப்படி ஐந்தாறு இடம். பார்த்தால் காகிதம் மூச்சு விடுகிறது.

"எப்படிம்மா போட்ட?" என்றார் மூர்த்தி.

"வேன்ல வர்றப்ப போட்டுகினு வந்தேண்ணா. ஸ்பீட் பிரேக்கர்ல கை தூக்கிச்சி. அது போன வழியிலயே மீதியையும் உட்டுட்டேன்."

"பேரு?"

"வேகத்தடை."

பேரும் வைக்கத் தெரிகிறது பாருங்கள்! நான் பதினொரு நோட்டுக்கும் 'வலை ஒன்று', 'வலை இரண்டு' என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன்.

பொது நோட்டை விழுப்புரத்துக்கு, என் அறைக்கு எடுத்து வந்தேன். ஏற்றுவதற்கு முன் தனித் தாளில் பழகிப் பார்த்தேன். துள்ளல் வரவில்லை. வேண்டுமென்றே கையை ஆட்டினால் குடித்தவன் கையெழுத்து மாதிரி இருந்தது.

அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? பஸ் ஏறினேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை ஜன்னலோர சீட்டில் பேனாவைப் பிடித்துக்கொண்டு போனேன். டோல்கேட்டில் நின்றது தவிர வண்டி குலுங்கவே இல்லை. நாலு வழிச் சாலை, வெண்ணெய் மாதிரி இருக்கிறது! மறுநாள் கிளியனூர் டவுன் பஸ். அங்கே குலுக்கலுக்குப் பஞ்சமில்லை. முதல் வேகத்தடையிலேயே பேனா தாளை விட்டுத் தாவி, பக்கத்து சீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டைக்குப் போய்விட்டது.

"யோவ், என் சட்டை மேல இன்னாய்யா கோலம் போட்டுகினு வர்ற?"

மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் நின்றேன். அங்கே நிற்கும்போதுதான் புத்தி கெட்டது. நமக்கு வராதது தப்பான கோடாகத்தானே இருக்க வேண்டும்?

டைல்ஸ் ஒட்டும் வேலையில் மூன்று வருடம் இருந்திருக்கிறேன். ஒரு நூல் பிசகினால் மேஸ்திரி காலாலேயே பெயர்த்துவிடுவார். கோணல் என்றால் குற்றம் என்று என் கைக்கு அங்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பழைய நியாயத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஸ்கேலை எடுத்தேன். துள்ளலையெல்லாம் ஒரே உயரம், ஒரே இடைவெளி என்று அளந்து நான்கு கட்டமும் போட்டேன். மேலே 'வேகத்தடை - ஸ்டெல்லா' என்று எழுதினேன். அவள் பேரில் என் டைல்ஸ்.

போன ஞாயிறு ஸ்டெல்லா எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஓவர்டைம். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கையில் போன் தயாராக இருந்தது.

"எங்க வேன்ல வர்ற பத்து பேரும் போட்டோ அனுப்பச் சொல்லிக்கீறாளுங்கண்ணா. நம்ம வேன் நோட்டுல ஏறிச்சின்னு ஒரே ஆட்டம்."

நான் நோட்டைப் பிரித்தேன். அவள் போனைத் தூக்கினாள். பார்த்தாள். மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது என்னுது இல்லண்ணா."

"உன்னுதுதாம்மா... கொஞ்சம் கோணலா இருந்திச்சி, சரி பண்ணேன்."

மூர்த்தி நோட்டை இழுத்துப் பார்த்தார். "இன்னாய்யா இது, கொசுவலை மாதிரி கீது! ஸ்கேல் வெச்சியா?"

நான் ஃபேனைப் பார்த்தேன்.

"வெச்சியா, இல்லியா?"

"வெச்சேன்."

"ஏன்?"

கை வலி என்று சொல்லியிருக்கலாம். ஸ்டெல்லாவின் மடியிலிருந்த போனைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"எனக்கு வரல மூர்த்தி. அவளுக்கு வருது. பொறாமைல பண்ணிட்டேன்."

ஸ்டெல்லாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பொறாமையா? என் மேலயா? அய்ய! வேன்ல தூக்கம் வராம கிறுக்குனதுக்கா இவ்ளோ பேஜாரு?"

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு வராத ஒன்று அவளுக்கு வெறும் கிறுக்கலாம்! இதைக் கேட்டால் பொறாமை குறையுமா, கூடுமா? நீங்களே சொல்லுங்கள்.

பக்கத்தைக் கிழிக்க முடியாது. சட்டம். அவள் என் பேனாவை வாங்கி, மேலே இருந்த 'வேகத்தடை - ஸ்டெல்லா'வை அடித்துவிட்டு, பக்கத்திலேயே 'நாலு வழிச் சாலை - அண்ணன்' என்று எழுதினாள். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன் – பல்லைக் கடித்துக்கொண்டு. நல்ல பேர். எனக்கு ஏன் தோன்றவில்லை?

"எதிர்ப் பக்கத்துல என்னுத போடுங்க" என்றாள்.

"நீயே போட்டுடும்மா. எனக்குத்தான் வராதே."

"நோட்டு உங்க பொறுப்பு, நீங்கதான் போடணும். ஒக்காருங்க. நான் ஆட்றேன்."

பெஞ்சின் ஒரு முனையில் நான். மறு முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். நான் கோடு இழுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் சும்மா இருந்தாள். திடீரென்று ஒரு தூக்கு! பேனா துள்ளியது.

"நிறுத்தாதீங்க, அது போன வழியிலயே உடுங்க!"

விட்டேன். அடுத்த கோடு. அதற்கடுத்தது. நாலாவது கட்டம் முடிந்தபோது காகிதம் மூச்சு விட்டது. என் கையிலிருந்து!

ஸ்டெல்லா போட்டோ எடுத்து அனுப்பினாள். உடனே வேனில் வருகிற ஒருத்தியின் குரல் பதிவு வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"யக்கா, சூப்பரா கீதுக்கா! அந்த ரெண்டாவது மேடு நம்ம பால் சொசைட்டிகிட்ட வர்றதுதான? அதே தூக்குதான்க்கா!"

எனக்கு ஒரு நிமிடம் தலை கால் புரியவில்லை. பார்க்காத வேகத்தடையை அப்படியே வரைந்திருக்கிறேனே என்று சுற்றிலும் பார்த்தேன். மூர்த்தி என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. பெஞ்சின் மறுமுனையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

நியாயம்தான். ஆட்டியது அவளாயிற்றே!