அங்கியோடு போன சோப்பு

ப. அம்மையப்பன். பிறப்பு 1970, கமுதி. அபுதாபி வந்து இறங்கியது 3 மார்ச் 1996. அங்கே எண்ணெய் ஆலைகள் இருக்கும் ருவைஸில் பதினெட்டு ஆண்டுகள் சாரம் கட்டினார்; 2014 முதல் ஷார்ஜாவில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் பொருள்களைப் பெட்டியில் அடைக்கும் வேலை. அங்கி போன பெட்டியை அவர் அடைத்த நாள் 9 அக்டோபர் 2022.

அந்த ஆண்டு அங்கே நடந்த கண்காட்சி, பாரசீக அரசர்களும் உதுமானிய சுல்தான்களும் தூதர்கள் வழியே அனுப்பிக்கொண்ட அன்பளிப்புகளைப் பற்றியது: நூல்கள், கம்பளங்கள், பட்டு அங்கிகள். முடிந்ததும் ஓர் அங்கி குவைத்திலிருக்கும் உரிமையாளருக்குத் திரும்பிப் போனது. மூன்றாம் நாள் அங்கிருந்து ஒரு படம் வந்தது. பெட்டியின் மூலையில், உறை பிரிக்காத இரண்டு வாசனைச் சோப்புகள்.

மேற்பார்வையாளர் இர்ஷாத், கீழக்கரைக்காரர், படத்தை நீட்டினார்.

“அண்ணே, இது யாரு வேலை?”

“நாந்தான் தம்பி. துணி போற பெட்டில சோப்பு வக்காம எப்புடி?”

“ஒங்க வீட்டுக்கா அனுப்புறீங்க? முன்னூறு வருசத்துப் பட்டுண்ணே! கோடாலித் தைலம் வக்கலியா?”

“எடம் இல்ல. கிஃப்ட்டுன்னு சீட்டுல போட்டிருந்துச்சுல்ல? தொறந்ததும் மணக்க வேணாமா?”

இர்ஷாத் சிரிக்கவில்லை. பட்டில் கறை இருந்தால் வேலை போகும். வேலையோடு விசாவும் போகும். கறை உண்டா என்று குவைத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டு, பதிலுக்காக ஆறு நாள் காத்திருந்தார்கள்.

ருவைஸ் கேம்பில் லீவுக்குப் போகும் எல்லாருடைய அட்டைப்பெட்டியையும் அம்மையப்பன்தான் கட்டுவார். மூடி படியாவிட்டால் அறையிலிருந்த எட்டுப் பேரும் முறைவைத்து ஏறி உட்கார்வார்கள். ஒருவர் கயிற்றை இழுப்பார், இன்னொருவர் பாடுவார். கடைசியாக மிஞ்சும் மூலை சோப்புக்கு. 1999இல் அவருடைய முதல் பெட்டி வீடு சேர்ந்தபோது, மணம் போய்விடும் என்று மனைவி கருப்பாயி புதுச்சேலையை நான்கு மாதம் துவைக்கவில்லை. இப்போது யாரும் பெட்டி கட்டச் சொல்வதில்லை; போனிலேயே ஊருக்கு வாங்கி அனுப்பிவிடுகிறார்கள்.

ஏழாம் நாள் பதில் வந்தது. கறை இல்லை.

“அந்தக் காலத்துல கஸ்தூரியே அனுப்பினாங்க, சரி. அதுக்காக நாமளும் அனுப்பலாமா?” என்றார் காப்பாளர் ஜெயபாரதி. “இனிமே இவர் பெட்டி ரூமுக்கு வரக் கூடாது. கீழ மியூசியம் கடைல ஆள் இல்ல, அங்க கட்டட்டும்.”

“அங்கயும் சோப்பு வச்சா, மேடம்?” என்றார் இர்ஷாத்.

“வாங்குறவங்க பாடு.”

பார்வையாளர்கள் பிறருக்குக் கொடுக்க வாங்கும் பொருள்களை, 1 நவம்பர் 2022 முதல் அம்மையப்பன் பொதிந்து தருகிறார். 31 மார்ச் 2024 வரை பொதிந்தவை: 2,317.